புறக்காழ்: பனையும் தென்னையும் கழிவும்

தொல்காப்பியத்தின் மரபியல், நிலத்தில் முளைத்து நிற்பனவற்றை இரு கூறாக்குகிறது. வயிரம் புறத்தே அமைந்தவை ஒரு கூறு; அவற்றுக்குப் புல் என்று பெயர். வயிரம் அகத்தே அமைந்தவை மற்றொரு கூறு. அவற்றுக்கு மரம் என்று பெயர். வயிரத்தைக் குறிக்க அந்நூல் ஆளும் சொல் காழ். இப்பகுப்பின்படி பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் மரங்கள் அல்ல, புற்கள். அறுபதடி உயர்ந்து நிற்கும் பனையைப் புல் என்பதா என்று முதன்முறை கேட்பவர் நகைப்பர். ஆயினும் இன்றைய தாவரவியலும் பனையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது. மாவும் வேம்பும் புளியும் வேறு பிரிவைச் சேர்ந்தவை.

இதைக் காட்டி, இக்கால அறிவியலைத் தொல்காப்பியர் அன்றே அறிந்திருந்தார் என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. அவர் நுண்ணோக்கி கொண்டு பார்த்தவரல்லர். கோடரி எங்கே தெறித்தது, எங்கே எளிதாக இறங்கியது என்று கையால் அறிந்திருந்த ஒரு சமூகத்தின் பட்டறிவை அவர் விதியாக எழுதி வைத்தார். அந்தக் கை தொட்டறிந்த பொருளுக்கு வேதியியல் பின்னாளில் இட்ட பெயர் லிக்னின். பனையிலும் தென்னையிலும் அது எங்கே, எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சார்ந்தே நம் ஏடும் கயிறும் கலமும் கூரையும் அமைந்தன. நம் காலத்தில் அதுவே கழிவு என்னும் பெயர் பூண்டு நார் ஆலைகளின் பின்புறம் குன்றாகக் குவிந்தது. காழ் கழிவான கதையையும், கழிவு மீண்டும் பொருளாகிவரும் கதையையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

காழ் என்பது யாது?

செடியின் உயிரணுச் சுவர், செல்லுலோசு என்னும் நீண்ட இழைகளால் ஆனது. பஞ்சு ஏறத்தாழ முழுவதும் செல்லுலோசே. அது வளையும், நனையும், நிமிர்ந்து நில்லாது. நிற்க வேண்டுமாயின் இழைகளுக்கிடையே காரை பூச வேண்டும். அந்தக் காரைதான் லிக்னின். வேரிலிருந்து நீர் மேலேறும் குழாய்களுக்கு நீர் கசியாத பூச்சாக அமைவதும் அதுவே. நிலத்தாவரம் தலைநிமிர்ந்ததற்கு அது ஒரு முதன்மைக் காரணம்.

1813இல் சுவிட்சர்லாந்தின் தாவரவியலார் அகுஸ்டின் டி கண்டோல், மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினார். 1838இல் பிரான்சின் வேதியியலார் அன்செல்ம் பாயென், மரத்தை நைட்ரிக் அமிலத்தில் இட்டுச் செல்லுலோசைத் தனியே பிரித்தார். அவர் நாடியது செல்லுலோசை. மற்றது இழையின்மேல் படிந்த மேற்பூச்சு என்ற அளவில் ஒதுக்கப்பட்டது. பின்வந்த காகிதத் தொழிலும் அந்தப் பார்வையையே கைக்கொண்டது. செல்லுலோசு சரக்கானது. லிக்னின் கரைந்த கருநீர் ஆற்றுக்கோ அடுப்புக்கோ போயிற்று.

இவ்வாறு ஒதுக்கப்பட்டதற்கு அதன் அமைப்பும் ஒரு காரணம். செல்லுலோசு, குளுக்கோசு என்னும் ஒரே மணியைக் கோத்த மாலை. முறை தெரிந்தால் அவிழ்க்கலாம். லிக்னினோ கூமரைல், கோனிஃபெரைல், சினாபைல் என்னும் மூவகை ஆல்ககால்கள் நேர்ந்த இடத்தில் நேர்ந்தவாறு பிணைந்து உருவாகும் வலை. அதில் ஒழுங்கான வரிசை இல்லை. ஒரு முடிச்சை அவிழ்க்கும் வழி அடுத்த முடிச்சுக்குப் பொருந்தாது. மழையும் பூச்சியும் நுண்ணுயிரும் அதை எளிதில் வெல்ல முடியாததன் மறைபொருள் இதுவே.

இனிப் பனைக்கு வருவோம். மாவும் வேம்பும் ஆண்டுதோறும் பட்டைக்குள் புதிய அடுக்கைச் சேர்த்துப் பருக்கும். பழைய அடுக்குகள் உள்ளே வயிரமாகி இறுகும். பனைக்கும் தென்னைக்கும் அவ்வாறு பருக்கும் வளர்படலம் இல்லை. தண்டின் நார்க்கட்டுகள் உள்ளெங்கும் சிதறிக் கிடந்தாலும் புறவட்டத்தில் நெருங்கி அமைகின்றன. அவற்றின் உயிரணுக்கள் பல்லாண்டுகள் உயிரோடிருந்து தம் சுவரைத் தடிப்பாக்கி, லிக்னினைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. ஆகவே முதிர்ந்த பனையின் புறம் கோடரியைத் திருப்பும். நடுவோ வெளிறிய சோறாக இருக்கும். ஓட்டு வீட்டுக்குப் பனங்கை அறுப்பவர் மரத்தை நெடுக்காகப் பிளந்து உட்சோற்றைச் செதுக்கி எறிந்து, புறவயிரத்தை மட்டும் கொள்வது இதனாலேயே. இலக்கண விதி சொல்வதைத் தச்சர் உளி செய்து காட்டுகிறது.

பனையினத்தின் லிக்னினுக்கு வேதியியலிலும் ஒரு தனிமுகம் உண்டு. பாரா ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலம் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தென்னை நாரில் டிரைசின் என்னும், புல்லினங்களில் காணப்படும் மற்றொரு பொருளும் பிணைந்திருப்பது அண்மை ஆண்டுகளில் தெரிய வந்தது. தேங்காய்ச் சிரட்டை போன்ற பனையினக் கொட்டைகளின் ஓட்டில், மேற்சொன்ன மூன்று ஆல்ககால்களுக்கு அப்பாற்பட்ட ஸ்டில்பீன் வகைப் பொருள்களும் லிக்னினோடு கோக்கப்பட்டிருப்பதை 2017இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இருநூறு ஆண்டு ஆய்வுக்குப் பின்னும் சிரட்டையில் புதுச்செய்தி இருந்திருக்கிறது.

ஏடும் ஆடிப்பெருக்கும்

மரபியல் உறுப்புப் பெயர்களையும் பிரித்தே கூறும். ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை முதலியன புல்லுக்கு உரியவை. இலை, தளிர் முதலியன மரத்துக்கு உரியவை. இவற்றுள் ஓலை என்னும் சொல் தாவர உறுப்பைக் கடந்து கடிதத்துக்கும் ஆணைக்கும் ஆவணத்துக்கும் பெயரானது. சோழர் அரசில் திருமந்திர ஓலை ஒரு பதவி. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் பத்தாம் நூற்றாண்டு ஊராட்சித் தேர்வு குடவோலையால் நிகழ்ந்தது.

ஓலை எழுதுபொருளானதற்கு அதன் இழையமைப்பு துணைசெய்தது. நரம்புகள் நெடுக்காக இணைந்து ஓட, அவற்றைச் சூழ்ந்த லிக்னின் ஏறிய நார்கள் ஏட்டைக் கிழியாது காத்தன. பதமான ஓலையை ஈர்க்கு நீக்கி, நறுக்கி, நீரில் வேகவைத்து, உலர்த்தி, மழமழப்பாக்கி, எழுத்தாணியால் கீறிக் கரியோ இலைச்சாறோ பூசித் துலக்குவர். மெல்லியதாய் வளைந்து கொடுக்கும் தாளிப்பனை ஓலையும், தடித்த நாட்டுப்பனை ஓலையும் பயன்பட்டன. நாளடைவில் ஏடு உலர்ந்து நொறுங்கும். அதனால்தான் சுவடி நிலையங்களில் இன்றும் புல்தைலம் பூசி நெகிழ்ச்சி தருகின்றனர்.

பூச்சியும் ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் நாட்டில் ஏட்டின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஆதலால் படியெடுத்தல் ஒரு தொடர்கடமையாக இருந்தது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதி, பழையதை நீரிலோ நெருப்பிலோ விடுவது அக்கடமையின் இறுதிப்படி. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதையும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித்தீயில் இடப்பட்டதையும் உ.வே. சாமிநாதையர் நெஞ்சு கொதித்துப் பதிவு செய்திருக்கிறார். இவற்றை வெறும் மூடத்தனம் என்று பழித்துவிட்டுப் போவது எளிது. நாம் காண்பது வேறு. படியெடுக்கும் வழக்கம் நின்றுபோயிற்று. பழையதை விடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. சங்கிலியின் முதற்கண்ணி அறுந்தபின் கடைக்கண்ணி தனியே இயங்கிற்று. அவ்வாறு இயங்கியபோதுதான் ஏடு குப்பையாயிற்று, இலக்கியம் வெள்ளத்தில் போயிற்று. இந்தக் கருத்தை நாம் மீண்டும் எடுத்தாள வேண்டியிருக்கும்.

1887இல் சீவக சிந்தாமணி சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தது. ஏட்டிலிருந்து தாளுக்கு நூல்கள் பெயர்ந்த காலம் அது. அதே நூற்றாண்டில்தான் ஜெர்மனியில் பிரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைகல்லில் தேய்த்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். மலிவுத்தாள் பிறந்தது. அந்தத் தாளில் லிக்னின் நீக்கப்படாமலே தங்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளில் சேர்த்த அமிலமும் கூடி இழையை அறுக்கும். ஏட்டில் இழையோடு சேர்ந்து காவல் புரிந்த பொருள், சிதைத்து அரைத்தபின் தாளுக்குப் பகையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து வார இதழ்கள் பல இன்று தொட்டால் உதிர்கின்றன. அவற்றை நுண்படமெடுத்துக் காக்கச் சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒரு நிறுவனம் தோன்ற வேண்டியிருந்தது. படியெடுக்கும் கண்ணி அங்கே மீண்டும் கோக்கப்பட்டது எனலாம்.

பழைய நூலகங்களில் நாம் முகர்ந்து மகிழும் மெல்லிய இனிய மணத்திலும் லிக்னினுக்குப் பங்குண்டு. அது சிதையும்போது உண்டாகும் பொருள்களுள் வனிலின் ஒன்று. 1874இல் டீமன், ஹார்மன் என்னும் இரு ஜெர்மானியர், ஊசியிலை மரச்சாற்றிலுள்ள கோனிஃபெரினிலிருந்து வனிலினை ஆக்கிக் காட்டினர். 1930களில் அமெரிக்கக் காகித ஆலைக் கழிநீரிலிருந்தே அது வணிக அளவில் எடுக்கப்பட்டது. நார்வேயில் ஓர் ஆலை இன்றும் மர லிக்னினிலிருந்து அதை ஆக்குகிறது. காகித ஆலை ஆற்றில் விட்ட கழிநீர் ஐஸ்கிரீமுக்கு மணம் தந்த கதை இது.

கயிறு கட்டிய கடல்

தென்னை நாரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் லிக்னின் உண்டு. சணலில் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு அளவே. பஞ்சில் இல்லையென்றே சொல்லலாம். உப்புநீரில் கிடந்தும் தென்னங்கயிறு மக்காமல் உழைப்பது இதன் பயன். வரலாற்றில் இது சிறு செய்தியன்று. பழைய இந்தியப் பெருங்கடலின் மரக்கலங்கள் பல, இரும்பாணி அடிக்காமல் பலகையோடு பலகை வைத்துத் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. பதினொன்றாம் நூற்றாண்டின் அல்பிரூனி மாலத்தீவுகளில் ஒரு பகுதியைக் கயிற்றுத் தீவுகள் என்றே குறித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ ஹோர்முசில் நார்க்கயிற்றால் தைத்த கலங்களைக் கண்டு ஐயுற்றார். பதினான்காம் நூற்றாண்டின் இபின் பதூதா மாலத்தீவுக் கயிறு சீனம், இந்தியா, ஏமன் வரை சென்றதை எழுதினார். சென்னையில் துறைமுகம் அமையும் முன்னர், அலை மோதும் கரையில் ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகும் தைத்த படகே. ஆணி அடித்த படகு அலையில் பிளந்துபோகும் இடத்தில் கயிறு வளைந்து கொடுத்துத் தாங்கியது. ஆங்கிலத்தில் இந்நாரைக் குறிக்கும் சொல்லும் நம் கயிறு என்னும் சொல்லின் வழியே போனதுதான்.

1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஹென்றி ஸ்மெயில் என்பவரோடு ஆலப்புழையில் முதல் கயிற்று ஆலையை நிறுவினார். வீட்டு வேலை தொழிற்சாலை வேலையாக மாறிய ஆண்டு அது. பச்சை மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போடுவர். நுண்ணுயிர்கள் பெக்டினைத் தின்று நாரை விடுவிக்கும். லிக்னினை அவை தொடமாட்டா. மட்டையிலிருந்து கசியும் பீனால் பொருள்களால் நீர் கறுத்து, அழுகல் நாற்றம் எடுத்து, மீன் குறையும். அந்த நீரில் இடுப்பளவு நின்று ஊறிய மட்டையை எடுத்தவரும், கரையில் அடித்து நார் பிரித்தவரும் பெரும்பாலும் ஏழைகள், அடித்தவர் பெண்கள். 1946ஆம் ஆண்டின் புன்னப்புரை வயலார் எழுச்சியில் ஆலப்புழை, சேர்த்தலைப் பகுதிக் கயிற்றுத் தொழிலாளர் முன்னின்றனர். 1978இல் தகழி சிவசங்கரப் பிள்ளை குட்டநாட்டின் தலைமுறைகளைப் பற்றி எழுதிய பெருநாவலுக்குக் கயர் என்றே பெயரிட்டார்.

தமிழகத்தின் தென்கரையும் இதற்கு விலக்கன்று. பனைமட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கும் தும்பு, தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஐரோப்பியத் தூரிகை, துடைப்பத் தொழிலுக்கு ஏற்றுமதியானது. சிரட்டையும் கடல் கடந்தது. முதல் உலகப்போரின் நச்சுப்புகையைத் தடுக்கும் முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டபோது, தேங்காய்ச் சிரட்டைக் கரியே சிறந்ததெனத் தெரிந்தது. லிக்னின் மிகுந்த சிரட்டை எரிந்து கரியானபின் அதில் எண்ணற்ற நுண்துளைகள் எஞ்சும். புகை அவற்றில் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1918இல் பீச்சுக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் சேகரித்துத் தருமாறு மக்களைக் கேட்டுக்கொண்டனர். எரித்து வீசும் சிரட்டைக்கு அன்று போர்முனையில் விலை பிறந்தது. இன்று நீர் வடிகட்டிகளிலும் பொன் பிரித்தெடுக்கும் தொழிலிலும் அதே கரி பயன்படுகிறது.

துகள் மலை

ஒரு வீட்டுத் தோப்பில் தென்னைக்குக் கழிவு என்று ஒன்று இருந்ததில்லை. ஓலை கிடுகாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, மட்டை அடுப்பெரித்தது. மிகுந்த மட்டையைக் கன்று வைக்கும் குழியிலும் மரத்தடியிலும் புதைப்பர். அது கோடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நாரும் சோறும் பிரிக்கப்படாமல் சேர்ந்தே மண்ணுக்குத் திரும்பின.

ஆலை வந்து நாரை மட்டும் எடுத்தது. உலர் மட்டையை இயந்திரத்தில் அடித்தால் நாரோடு பழுப்புநிறத் துகளும் உதிரும். எடுக்கும் நாரின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு துகள் மிஞ்சும் என்பது தொழிலார் கணக்கு. கொங்கு நாட்டில் நாரை மஞ்சி என்பர். துகளுக்கு நெடுநாள் மரியாதையான பெயரே இல்லை. குவித்துப் போட்டால் மழையில் ஊறிப் பழுப்புநீர் கசியும், காற்றில் பறக்கும், தீப்பிடித்தால் நாட்கணக்கில் புகையும். அப்படியே வயலில் கொட்டினால் பயிர் வெளுக்கும். காரணம் எளிது. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112க்கு 1. அதை உண்ணப் புகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பறித்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. லிக்னினோ நூற்றுக்கு 30 பங்கு. ஆண்டுகள் கழிந்தாலும் குவியல் குவியலாகவே இருந்ததற்கு அதுவே காரணம்.

கயிறு தொழிலுக்கென 1953இல் சட்டம் இயற்றப்பட்டு, அதன்வழிக் கயிறு வாரியம் அமைந்தது. ஆலப்புழை அருகே கலவூரில் நடுவண் கயிறு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஆயினும் நார்தான் நெடுநாள் ஆய்வுப்பொருள். துகள் மீது கண் விழச் சில பத்தாண்டுகள் ஆயின.

காளான் தின்ற காழ்

லிக்னினை உண்ணத் தெரிந்த உயிர்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் முதன்மையானவை, மரத்தை வெளுக்கச் செய்து மக்கவைக்கும் வெள்ளழுகல் பூஞ்சைகள். 1883இல் சப்பானிய வேதியியலார் ஹிகோரோகுரோ யோஷிதா, அரக்குமரப் பாலைக் கறுக்கச் செய்யும் ஒரு நொதியைக் கண்டார். லாக்கேஸ் என்று பெயர் பெற்ற அது பூஞ்சைகளிலும் உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 1983இல், லிக்னினை நேரடியாகத் தாக்கும் பெராக்சிடேஸ் என்னும் நொதி அமெரிக்காவில் ஒரு வெள்ளழுகல் பூஞ்சையில் கண்டறியப்பட்டது. இந்நொதிகள் பூட்டுக்கேற்ற சாவியைத் தேடுவதில்லை. எதிர்ப்பட்ட முடிச்சிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி விடுகின்றன. பின்னர் வலை தானே கிழிகிறது. ஒழுங்கற்ற வலையை ஒழுங்கற்ற முறையிலேயே அறுக்கும் உத்தி அது.

நாம் குழம்பு வைத்து உண்ணும் சிப்பிக்காளானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக அறிவியலார் 1980களில் அதைத் தென்னை நார்க்கழிவின்மேல் ஏவினர். முறை எளியது. நிழலில் கழிவை ஓர் அடுக்காகப் பரப்பிக் காளான் வித்தைத் தூவுவது. அதன்மேல் இன்னோர் அடுக்குப் பரப்பி யூரியா தூவுவது. இவ்வாறு மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காத்து வருவது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி வித்து. ஓரிரு மாதத்தில் துகள் கறுத்து மண்வாசனை வரும். லிக்னின் நூற்றுக்கு 30 பங்கிலிருந்து 5 பங்குக்கும் கீழே இறங்கும். கரிம தழைச்சத்து விகிதம் 24க்கு 1 ஆகும். பயிர் வெளுத்த இடத்தில் பயிர் தழைக்கும். கயிறு வாரியத்தின் ஆய்வு நிலையமும் இதே காளானைக் கொண்டு ஒரு வித்துக்கலவையைப் பரப்பியது.

பெரியகுளத்துக்கு இது அயல்செய்தியன்று. வராக நதிக்கரையில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர் இது. தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு, 1895இல் பெரியாற்று அணையின் நீர் சுரங்கவழி வைகைப் படுகைக்குத் திரும்பிய நாள்முதல் நெல்லும் தென்னையும் வாழையுமாகச் செழித்தது. அந்த வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் பெரியகுளத்தில்தான் உள்ளன. நாடெங்கும் பரவிய பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையின் பெயரில் இருப்பது இவ்வூரின் பெயரே. மட்டை ஒருபுறம், அதை உரமாக்கும் அறிவு மறுபுறம், உரம் வேண்டி நிற்கும் மண் காலடியில் என்று மூன்றும் ஒருங்கே கூடிய ஊர்கள் மிகுதியல்ல.

கழிவின் கழிவு

துகளின் தலையெழுத்து இதற்கிடையில் வேறொரு திசையில் மாறியது. தன் எடையைப் போல் எட்டு மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும் அதன் இயல்பு வெளிநாட்டுத் தோட்டக்காரர் கண்ணில் பட்டது. ஐரோப்பாவின் பசுமைக்குடில்கள் அதுவரை சதுப்புநிலக் கரிமண்ணையே நம்பியிருந்தன. அதை வெட்டுவது சதுப்பை அழிக்கும், புதைந்த கரிமத்தைக் காற்றில் விடும் என்ற கவலை வளர்ந்தபோது, தென்னைத் துகள் மாற்றாக ஏற்கப்பட்டது. ஐந்து கிலோக் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறும் அதற்கு இன்று கோகோ பீட் என்று பெயர். நேற்றுவரை அள்ளிச் செல்லக் கூலி கொடுத்த ஆலைக்காரர் இன்று அதற்கு விலை சொல்கிறார்.

இது நல்ல செய்தியே. சிற்றூர்களில் பலருக்கு வேலை தந்த செய்தியும் கூட. ஆனால் ஏற்றுமதித் தரத்துக்குத் துகளில் உள்ள உப்பைக் கழுவ வேண்டும். கழுவிய நீர், உப்பையும் லிக்னினின் உறவான பழுப்புப் பீனால்களையும் சுமந்து நிலத்துக்குள் இறங்கும். கிணற்றுநீர் நிறம் மாறியதென்று பொள்ளாச்சிப் பக்கத்து உழவர்கள் முறையிட்டனர். 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த்தொழிலை மாசற்ற வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. சிறு ஆலையினர் தம் பிழைப்பு போகுமென்று எதிர்த்தனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அன்று ஆலப்புழைக் காயல் கறுத்ததற்கும் இன்று கிணறு பழுப்பேறுவதற்கும் வேதியியல் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு, அன்று கயிறு கப்பலேறியது. இன்று கழிவே கப்பலேறுகிறது.

இங்கேதான் ஏட்டின் கதையை நாம் மீண்டும் நினைக்க வேண்டும். ஓர் ஏடு குப்பையானது அது பழையதானதால் அன்று. படியெடுக்கும் கண்ணி அறுந்ததால். மட்டைச்சோறு கழிவானது அது பயனற்றதானதால் அன்று. மண்ணுக்குத் திரும்பும் கண்ணியை ஆலை அறுத்ததால். கழிவைப் பொருளாக்குவது என்று இன்று மேடைதோறும் பேசுகிறோம். விலை கிடைத்துவிட்டால் கண்ணி கூடிவிட்டதாகக் கொள்கிறோம். ஒரு தோப்பின் மட்டை நெதர்லாந்தின் தக்காளிக்கு வேர்ப்பிடி தருகிறது. அத்தோப்பின் மண் யூரியாவை நம்பிக் கிடக்கிறது. கழுவிய நீர் மட்டும் ஊரில் தங்குகிறது. இதில் எது கழிவு, எது செல்வம் என்ற கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

ஏற்றுமதி வேண்டா என்பது நம் வாதமன்று. கழுவிய நீரைக் குழியில் விடாமல் சேர்த்து வைத்துத் தூய்மை செய்தபின் வெளிவிடுதல் ஆலையின் கடமையாக வேண்டும். உள்ளூர்த் தோப்புகளுக்குக் காளான் வழி உரத்தை ஊராட்சிகளும் உழவர் குழுக்களும் ஆக்கித் தருதல் வேண்டும். நாரை மட்டும் பிரிக்காமல் முழு மட்டையையும் பயன்கொள்ளும் வழிகளும் உள்ளன. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர் 2004இல் ஒரு முறையை வெளியிட்டனர்: முழு மட்டையை அரைத்துச் சூட்டில் அழுத்தினால், அதிலுள்ள லிக்னின் இளகித் தானே பசையாகி உறுதியான பலகை தரும், வேறு பசை வேண்டியதில்லை. பாயென் காலந்தொட்டு அகற்ற வேண்டிய பூச்சாகக் கருதப்பட்டது, அகற்றாமல் விட்டதாலேயே பயன் தந்த இடம் அது.

பனைக்கும் இதே கேள்வி உண்டு. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவிக்கும் நிலை வந்தது. அதற்குள் செங்கற் சூளைக்குப் போனவை போயின. எண்பது, நூறு ஆண்டு மெல்ல மெல்ல ஏறிய வயிரம் ஒரு பொழுதில் எரிந்து தீர்ந்தது. பனங்கை அறுக்கத் தெரிந்த கைகளும், ஓலையின் பதம் பார்க்கத் தெரிந்த விரல்களும் அவற்றோடு குறைந்து வருகின்றன. அவர்கள் அறிந்ததை எழுதி வைப்பதும் ஒருவகைப் படியெடுத்தலே. தமிழ் கற்ற நமக்கு அந்த வேலையில் பங்கு உண்டு. மரபியலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், மாணவரை ஒருநாள் மரம் அறுக்கும் பட்டறைக்கும் நார் ஆலைக்கும் அழைத்துச் சென்று, அங்குள்ளோர் எதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று குறித்துவரச் செய்யலாம். காழ் என்ற சொல்லின் பொருளை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். பனையில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட உளி பிடித்தவர் வேண்டும்.